சொல்லாமல் உடைவது, சொல்லி வளைவது

காயலாங்கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் மூன்று பேருக்கும் என் ஸலாம், வணக்கம். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. உங்களோடு வேலை பார்க்கிற மலர் போனில் சொன்ன அளவுக்குத்தான் தெரியும். ஒருத்தி பன்னிரண்டாவது முடித்தவள். ஒருத்தி ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டவள். ஒருவர் துபாயில் வெல்டிங் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். நான் எட்டாவதோடு நின்றவள். உங்களுக்குப் பாடம் எடுக்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் நான் இனி கடைக்கு வரப்போவதில்லை என்று சொன்ன நாளிலிருந்து, போகிற ஆள் தெரிந்ததைச் சொல்லிவிட்டாவது போக வேண்டும் என்று மலர் நச்சரிக்கிறாள்.

இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றேன் என்றால் சிரிப்பு வரும். எனக்கே வருகிறது. கல்யாணமான கையோடு என் மச்சானும் நானும் சேர்ந்துதான் அந்தக் கடையில் வேலைக்கு நுழைந்தோம். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். அவர் போய்விட்டார். அவர் பிரித்துப் போட்ட குவியல்களுக்கு நடுவில் அவர் இல்லாமல் நின்று வேலை பார்க்க என்னால் முடியாது. இதைவிடப் பெரிய காரணம் சொல்லத் தெரியவில்லை. இத்தா முடிந்ததும் நாகூரில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன்.

இத்தா தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புருஷன் இறந்துபோனால் நாங்கள் சில மாதம் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருப்போம். மாமியாரோடு நான் இப்போது அப்படித்தான் இருக்கிறேன். பகலில் தூங்குகிறேன். தூங்குகிறேனா முழித்திருக்கிறேனா என்று எனக்கே பல நேரம் தெரிவதில்லை. கனவில் மனிதர்கள் வருவதே இல்லை. மச்சான் ஒரு தடவைகூட வரவில்லை. குவியல்கள்தான் வருகின்றன. ஒரு கனவில் நாற்றங்கால் முழுக்க ஸ்பிரிங் முளைத்து நின்றது. காற்றடித்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, மறுபடி எழுந்தது. இன்னொரு கனவில் நம் எடைமேடை தண்ணீரில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு பல்சக்கரம் தனியாக உட்கார்ந்திருந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

கடைக்கு வரும் சாமானைப் பிரிப்பதுதான் நம் வேலை. அதில் எங்களுக்கு முதலில் தெரிந்தது ஒரே ஒரு கேள்வி. இது என்ன? இரும்பா, அலுமினியமா, பித்தளையா? காந்தம் வைத்தால் ஒட்டுகிறதா? உலோகம் ஒரு பக்கம். ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒரு பக்கம். பீங்கான், சாணைக்கல் மாதிரி கல் சாதியெல்லாம் ஒரு பக்கம். முதல் வாரத்திலேயே இதெல்லாம் வந்துவிட்டது. பெரிய ஆட்களாகிவிட்டதாக நினைத்தோம்.

அப்புறம் ஒரு டயர் வந்தது. பழைய டிராக்டர் டயர், பிளந்து கிடந்தது. உள்ளே கம்பியும் நூலும் தெரிந்தன. இதை எங்கே போடுவது என்று எங்களுக்குள் சண்டை. ரப்பரில் போடு என்றேன் நான். அவர் ஒரு கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இழுவையக் கம்பி தாங்குது. கம்பிய ரப்பர் தாங்குது. யாரு யாரத் தாங்குறதுன்னு இதுல எப்புடிப் பிரிப்பே?"

"முதலாளி வந்தா நம்மளப் பிரிச்சுப் போட்டுருவாரு. எந்திரிங்க மச்சான்" என்றேன்.

அன்றைக்குத்தான் கலப்புச் சாமானுக்கு ஒரு தனிக் குவியல் வந்தது. இப்போதும் மேற்கு மூலையில் இருக்கும். டயர், பைபர் ஷீட், பிரேக் லைனிங் எல்லாம் அங்கேதான் போகும். ஒன்றோடு ஒன்று சேர்ந்தால்தான் அவற்றுக்கு உயிர். பிரித்துவிட்டால் இரண்டுமே ஒன்றுக்கும் உதவாது.

இரண்டாவது கேள்வியை ஒரு அரிவாள் பட்டறைக்காரர் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார். அவர் வந்து தகட்டு இரும்புக் குவியலைக் கிளறிக் கிளறி, லாரியின் பட்டை ஸ்பிரிங்குகளை மட்டும் பொறுக்கினார். எல்லாம் இரும்புதானே, அதை மட்டும் ஏன் எடுக்கிறீர்கள் என்று மச்சான் கேட்டார். பட்டறைக்காரர் செய்து காட்டினார். ஒரு சாதாரணத் தகட்டை மிதித்தார். வளைந்து அப்படியே கிடந்தது. ஸ்பிரிங் பட்டையை மிதித்தார். அது வளைந்து, காலை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. அவ்வளவுதான். பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதிலிருந்து நாங்கள் ஒவ்வொன்றையும், இது என்ன வேலை பார்த்தது என்று கேட்க ஆரம்பித்தோம். கரண்ட் ஒயரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே செம்பு, வெளியே பிளாஸ்டிக். ஒன்று கரண்டை ஓடவிடுகிறது, ஒன்று ஓடவிடாமல் தடுக்கிறது. ஒட்டிக்கொண்டே இருந்து எதிரெதிர் வேலை பார்க்கின்றன. சில சாமான் சுமக்கிறது. சில வழுக்குகிறது. சில சூட்டை அடக்கி வைக்கிறது. சில உராய்ந்து உராய்ந்து தன்னையே தேய்த்துக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது. மச்சான் இந்தக் கேள்வியில் மயங்கிப் போனார் என்றே சொல்லலாம். காம்பவுண்டு சுவர் ஓரமாகத் தார்ப்பாய் போட்டு, தூக்குகிற சாமான், தொங்கவிடுகிற சாமான் மட்டும் சேர்த்து வைத்தார். இரும்பு எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் எடை போடச் சுலபம், இது எதற்குத் தனியாக என்று நான் முணுமுணுத்தேன். "இதெல்லாம் கீழ ஆளு நிக்கிற சாமான் புள்ள" என்றார்.

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. உள்ளே எப்படி இருக்கிறது? ஒரே இரும்பு, ஒரே வேலை. ஆனால் ஒன்றை உருக்கி அச்சில் ஊற்றியிருப்பார்கள், ஒன்றைக் காய்ச்சி அடித்திருப்பார்கள். ஊற்றிய இரும்பை உடைத்துப் பாருங்கள். சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி பொடிப்பொடியாகத் தெரியும். அது வளையாது. தாங்கும், தாங்கும், தாங்கிக்கொண்டே இருக்கும். அப்புறம் சொல்லாமல் உடையும். அடித்த இரும்பின் உள்ளே வைக்கோல் புரி மாதிரி நீளவாக்கில் ஓட்டம் இருக்கும். அது வளைந்து காட்டும். என்னால் முடியவில்லை, ஏதாவது செய் என்று உங்களுக்கு நேரம் கொடுக்கும்.

உடைந்த வண்டி அச்சு கடைக்கு வந்தால் அதை எடை போடுவதற்கு முன் உடைந்த முகத்தைப் பாருங்கள். பாதி முகம் மங்கலாக, வழவழப்பாக, கிளிஞ்சலில் இருக்கிற மாதிரி கோடு கோடாக இருக்கும். பாதி முகம் பளபளவென்று முரடாக இருக்கும். மங்கல் பாதி என்றைக்கோ ஆரம்பித்த கீறல். யாருக்கும் தெரியாமல் உள்ளே நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பளபளப்பு, இன்றைக்கு உடைந்தது. அச்சு இன்றைக்குத்தான் உடைந்தது என்று வண்டிக்காரர் சொல்வார். அது பாதிதான் உண்மை.

மச்சான் மீன் வாங்கப் போன இடத்தில் பைக்கை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நெஞ்சில் அடைப்பு பல வருஷமாக இருந்திருக்கும்மா, நேற்று இன்று வந்தது இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி மங்கல், பாதி பளபளப்பு என்று மனதில் ஓடியது. அந்த நேரத்தில் மனிதருக்கு இப்படியெல்லாமா தோன்றும் என்று கேட்காதீர்கள். எனக்குத் தோன்றியது.

இனி, கொக்கி விஷயம். இதைச் சொல்லத்தான் மலர் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

அதற்கு முன்னால் நம் தொழிலுக்கே உள்ள ஒரு நோயைச் சொல்லிவிடுகிறேன். நாம் நாள் முழுக்க எடை போடுகிறோம். எது கனமோ அதுதான் நமக்கு நல்ல சாமான். கொஞ்ச நாளில் நம் கையே அப்படிப் பழகிவிடும். உங்கள் கையும் பழகும். ஒரு சாமானைத் தூக்கிப் பார்த்ததும், கனமாக இருந்தால், இது உறுதி என்று கை தானாகச் சொல்லும். அது பொய். கனம் என்பது கனம்தான். அதற்கும் உறுதிக்கும் சொந்தம் எதுவும் இல்லை.

இந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது உங்களுக்கும் நினைவிருக்கும். நான் இத்தாவில் உட்கார்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மத்தியானம் கண்ணை மூடிக் கிடந்தேன். போன் அடித்தது. மலர். அப்போது அவள் கடைக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருக்கும். முதலாளி ஊரில் இல்லை, கடையில் கரண்டும் இல்லை. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் அவள் பேசுவது பாதிதான் கேட்டது.

அவள் ஊரில் வடிகால் வாய்க்காலில் ஒரு ஷட்டர் இருக்கிறது. இரும்புப் பலகைக் கதவு. தூக்கினால் வயல் தண்ணீர் வடியும். அதைத் தூக்குகிற திருகுக் கம்பி இறுகிப் போய்விட்டது. போதாததற்கு, வெள்ளத்தில் வந்த ஒரு தென்னை மரம் ஆகாயத்தாமரையோடு சேர்ந்து ஷட்டருக்கு அடியில் சொருகிக்கொண்டது. நடவு முடிந்த சம்பாப் பயிர் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. ஊர்க்காரர்களே மூன்று காலாகத் தூண் நட்டு, செயின் பிளாக்கை மாட்டி, ஷட்டரைத் தூக்குவது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஷட்டர் தூக்கி நிற்கும்போது ஒரு ஆள் அடியில் முங்கிப் போய்த் தென்னை மரத்தில் கயிறு கட்டிவிட்டு வர வேண்டும். எங்கேயோ இரவல் வாங்கின செயின் பிளாக்கில் கீழ்க் கொக்கி மட்டும் இல்லை. அதற்குத்தான் நம் கடைக்கு வந்திருந்தார்கள்.

"பழைய ரைஸ்மில்லுல இருந்து வந்த பெரிய கொக்கி இருக்குல்ல, அதத்தான் கேக்குறாங்கக்கா. நல்லா கனமா இருக்கு. குடுத்துரவா?"

"அடியில முங்குறது யாரு?"



"எங்க வீட்டுக்காரருதான். ஊருல அவர வுட்டா யாருக்கும் அவ்வளவு நேரம் மூச்சடக்கத் தெரியாது."

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் புருஷன் செல்வத்தை எனக்குத் தெரியும். மலரைத் தினமும் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார். கடை வாசலில் மச்சானிடம் ஏதாவது வம்பு பேசிவிட்டுத்தான் போவார்.

மாமியைப் பார்த்தேன். மகனைப் பறிகொடுத்துவிட்டு, மூலையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு கிடந்தவர் அவர். போனில் அந்நிய ஆண்கள் குரல் கேட்கிறது, நான் இத்தாவில் இருக்கிறேன். பேசலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. மாமி கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"உசுரு சமாச்சாரம். பேசு. அல்லா கோவிச்சுக்க மாட்டான்."

மலர் போனை ஸ்பீக்கரில் போட்டாள். ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர் ராஜேந்திரன் என்று ஒரு விவசாயி. நல்ல மனிதர் என்றுதான் மலர் சொல்வாள். அன்றைக்கு அவர் வயலும் மூழ்கிக் கிடந்தது, அவரிடம் நல்ல குணத்தை எதிர்பார்க்க முடியாது. யாரது போனில், இரும்புக்கு ஜோசியம் பார்க்கிறவங்களா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

கொக்கியைக் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டச் சொன்னேன். ஊற்றிய இரும்பு மொத்தென்று அடங்கும், அடித்த இரும்பு மணி மாதிரி இழுக்கும். மலர் தட்டினாள். கூரை மழையும் போனின் கரகரப்பும் சேர்ந்து எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. சாணையில் பிடித்துத் தீப்பொறியைப் பார்க்கலாம் என்றால் கரண்டு இல்லை. உளியை வைத்து ஓரத்தில் கொஞ்சம் செதுக்கிப் பார்க்கச் சொன்னேன். பொடியாக உதிர்ந்தால் வேண்டவே வேண்டாம்.

"சுருளாத்தான்க்கா வருது."

அப்படியென்றால் எஃகு சாதி. இது என்ன என்ற கேள்வியில் கொக்கி பாஸ். என்ன வேலை பார்த்தது? ரைஸ்மில்லில் மூட்டை தொங்கவிட்டது. அதிலும் பாதி பாஸ். ராஜேந்திரன், பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல என்றார். நானே கொடுத்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். மூன்றாவது கேள்வி மிச்சம் இருந்தது. கழுத்து வளைகிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கச் சொன்னேன்.

ஒரு கோடு தெரிகிறது என்றாள் மலர். முடி மாதிரி மெலிசாக. கீறலா, சுரண்டிய உளியின் தடமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, கற்றுக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் டீசலைத் தடவிக் கொஞ்ச நேரம் விட வேண்டும். பிறகு துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புப் பொடியைத் தூவ வேண்டும். கீறல் இருந்தால் உள்ளே போன டீசல் மெதுவாகக் கசிந்து பொடியில் கோடாக வரும். கடையில் இருந்த சாக்பீஸ் எல்லாம் மழையில் கரைந்து போயிருந்தது. ராஜேந்திரன் சட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. மலர் அதைக் கேட்டாள்.

"சாமி துன்னூறும்மா அது. அதப் போயி இரும்புக்குப் பூசுறியே."

"இன்னிக்கி வேண்டுதலு இரும்புக்கிட்டதானண்ணே" என்றாள் மலர்.

பூசிவிட்டுக் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன்.  தகரத்தில் மழை விழுகிற சத்தம் மட்டும் காதுக்குள் வந்துகொண்டே இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் கடையில் நான் நின்றுகொண்டிருப்பது மாதிரி இருந்தது. குவியல்களெல்லாம் நனைந்து கறுத்து நின்றன. ஒவ்வொன்றும் உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று வெளியே காட்டாமல் நின்றது. டீசல் மாதிரி ஏதாவது ஒன்று மனிதருக்கும் இருந்திருந்தால், தடவித் துடைத்துத் திருநீறு தூவியிருப்பேனே என்று நினைத்தேன். மச்சான் நெஞ்சில். எங்கள் வீட்டில் திருநீறு கிடையாது. அரிசி மாவையாவது தூவியிருப்பேன்.

"அக்கா."

"சொல்லு."

"கோடு வந்த மாதிரியும் இருக்கு. வராத மாதிரியும் இருக்கு. சாரல்ல துன்னூறே நனைஞ்சு போச்சுக்கா."

ராஜேந்திரன் போனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். இன்னும் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் பயிர் கூழாகிவிடும், நனையாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஆயிரம் சொல்லலாம் என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் நனையாத இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மலர் அவரைத் தடுத்துவிட்டு, போனை வாயருகே கொண்டுவந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"எங்க குத்தகை வயலும் முழுகித்தான்க்கா கெடக்கு. இத வுட்டா எங்களுக்கு வேற ஒண்ணும் இல்ல. நீங்க சொல்றதுதான். குடுக்கவா, வேணாமா?"

"குடுக்காத."

நான் அதை யோசித்துச் சொன்னேனா, வாய் தானாகச் சொன்னதா, இப்போது கேட்டால் தெரியவில்லை. ஆனால் அதற்கு அப்புறம் நிறைய யோசித்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். வேலி கட்ட, கூரை போட, மாட்டுக் கொட்டகைக்கு முட்டுக் கொடுக்க என்று கேட்டால், சந்தேகமான சாமானைச் சொல்லிக் கொடுக்கலாம். உடைந்தால் மறுபடி கட்டிக்கொள்வார்கள். கீழே ஆள் நிற்கிற வேலை என்றால் உங்கள் சந்தேகமே பதில். அதற்கு மேல் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை.

ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைக்க முடியாது. அவர்கள் வேறு எதையாவது மாட்டத்தான் போகிறார்கள். தார்ப்பாய்க்கு அடியில் பார்க்கச் சொன்னேன். மச்சான் சேர்த்து வைத்திருந்ததில் லாரியைக் கட்டி இழுக்கிற கொக்கி ஒன்று இருந்தது. அடித்த இரும்பு. பெரிய கொக்கியில் பாதிகூடப் பருமன் இல்லை. மலர் அதைக் கொண்டுவந்து காட்டியதும் அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. இது கன்னுக்குட்டி கட்டக்கூடப் பத்தாது என்றார் ராஜேந்திரன்.

"அண்ணே, இது தாங்கலன்னா வளையும். வளையிறது கண்ணுக்குத் தெரியும். உள்ள கீறல் இருந்தா அந்தப் பெருசு வளையாது, ஒடிஞ்சுரும்ணே" என்றேன். அவரிடம் நான் நேராகப் பேசியது அது ஒன்றுதான்.

அதை வண்டியில் ஏற்று என்று அவர் யாரிடமோ சொன்னது கேட்டது.

அப்புறம் மலரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஷட்டர் ஒரு முழம் எழும்பினால் இரண்டு பக்கமும் அடியில் பனங்கட்டையை முட்டுக் கொடுத்துவிட வேண்டும். இன்னும் எழும்பினால் இன்னொரு கட்டை. கட்டை கொடுக்காமல் செல்வம் தண்ணீரில் காலை வைக்கக் கூடாது. எந்தக் கொக்கியையும் முழுசாக நம்பாதே, கட்டையை நம்பு. இரண்டாவது, ஒரு ஈர்க்குச்சியைக் கொக்கியின் வாய் அளவுக்குச் சரியாக நறுக்கி, வாயில் குறுக்கே இறுக்கி வை. கொக்கி வாய் கொஞ்சம் திறந்தாலும் குச்சி விழும். ஒரு ஆள் வேறெதையும் பார்க்காமல் அந்தக் குச்சியை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் கத்த வேண்டும். செல்வம் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும்.

"அந்த ஆளு நான்தான்" என்றாள் மலர். கடையைப் பூட்டிக்கொண்டு அவர்களோடு வண்டியில் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு போன் போகவில்லை. நான் சாயங்கால அஸர் தொழுதேன். எத்தனை ரக்அத், எத்தனை சுற்று தொழுதேன் என்று சந்தேகம் வந்து மறுபடி தொழுதேன். வாசல்வரைக்கும் போனேன். இத்தாவில் அதைத் தாண்டக் கூடாது. தெருவில் தண்ணீர் ஓடியது. அதில் ஒரு செருப்பு மிதந்து போனது. எங்கேயோ ஒரு வாய்க்காலில் ஒரு பெண் கழுத்தை நிமிர்த்தி ஒரு குச்சியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்க அந்தக் குச்சி பெரிதாகி, தென்னை மரம் அளவுக்கு ஆகிவிட்டது. வானத்துக்கும் பூமிக்கும் குறுக்கே அது நிற்கிறது, அது விழாத வரைக்கும் யாரும் சாக மாட்டார்கள் என்று தோன்றியது. மாமி பக்கத்தில் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை. ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். இல்லை மாமி என்றேன். அவர் உள்ளே போகவில்லை.

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொல்லி முடிந்தபோது போன் வந்தது.

ஷட்டர் எழும்பியிருக்கிறது. கட்டை கொடுத்திருக்கிறார்கள். செல்வம் முங்கியிருக்கிறார். அவர் உள்ளே இருக்கும்போது ஈர்க்குச்சி விழுந்திருக்கிறது. மலர் போட்ட சத்தத்தில் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் அவரை அப்படியே வெளியே இழுத்துவிட்டார்கள். தொடையில் நல்ல சிராய்ப்பு. ஆனால் ஷட்டர் இறங்கவில்லை. கட்டைமேல் அசையாமல் நின்றிருக்கிறது. வேறு குச்சி நறுக்கி வைத்து, இன்னும் இரண்டு கட்டை சேர்த்துக் கொடுத்து, மறுபடி இறங்கியிருக்கிறார். இந்தத் தடவை குச்சி விழவில்லை. மரம் வந்துவிட்டது. தண்ணீர் மஞ்சளாகச் சுழித்துக்கொண்டு வடிகிறது, நாற்றின் நுனி தெரிய ஆரம்பித்துவிட்டது என்றாள்.

கொக்கியின் வாய் திறந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"கொஞ்சம் தெறந்த மாதிரிதான் தெரியுதுக்கா. ஆனா சாரக் காத்தும் அடிச்சுச்சு. குச்சி காத்துக்கு வுழுந்துச்சா, வாயி தெறந்து வுழுந்துச்சான்னு எனக்கு அடிச்சுச் சொல்லத் தெரியல."

எனக்கும் தெரியாது. அந்தப் பெரிய கொக்கி தாங்கியிருக்குமா என்பதும் தெரியாது. தாங்கியிருக்கலாம். மச்சான் இருந்திருந்தால் அதை ஒரே போடாகப் போட்டு உடைத்து முகத்தைப் பார்த்திருப்பார். உடைத்துப் பார்க்கட்டுமா என்று மலரும் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். உள்ளே கீறல் இருந்தால் நான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்வேன். கீறல் இல்லாமல் இருந்தால் அடுத்த தடவை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டுமே கெடுதல். இந்த வேலையில் சரியாகச் சொன்ன வேண்டாமுக்குச் சாட்சி கிடைக்காது. உங்களை யாரும் பாராட்ட வரமாட்டார்கள். கிறுக்கி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைத் தாங்கப் பழகிக்கொள்ளுங்கள். அந்தக் கொக்கியை உருக்குவதற்குப் போகிற லோடில் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

மலர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் செல்வத்தின் குரல் கேட்டது. நல்ல கோபத்தில் இருந்தார்.

"ஒரு ஈர்க்குச்சிக்காவ என்னய நடுவுல இழுத்துப் போட்டானுவ. பாதி முடிச்சுப் போட்டாச்சு நான். தொடையெல்லாம் தோலு உரிஞ்சு போச்சு. ஊரே சிரிக்குது. காத்துக்கு வுழுந்த குச்சிடி அது. தல தொவட்ட ஒரு துண்டு எடுத்து வெக்கத் தெரியல, இவ கொக்கி பாக்கப் போயிட்டா."

மலர் கூச்சப்பட்டுக்கொண்டு, "வச்சுர்றேன்க்கா, அவரு ஒரே சத்தம்" என்றாள்.

"வைக்காத. கொஞ்ச நேரம் அப்புடியே புடி" என்றேன்.

 நான் ஸ்பீக்கரைப் போட்டுப் பாயில் வைத்தேன். மாமி தஸ்பீஹை மடியில் போட்டுவிட்டு நகர்ந்து வந்து உட்கார்ந்தார். துண்டு கிடைத்த பிறகும் அந்த மனிதர் நிறுத்தவில்லை. சட்டை எங்கே என்றார். டீத்தூள் ஏன் தீர்ந்துபோனது என்றார். ராஜேந்திரனைத் திட்டினார், மழையைத் திட்டினார், யாரோ போனில் இரும்பு பார்க்கிற அக்காவையும் சேர்த்துத் திட்டினார். நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்காமல், அவர் திட்டி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தோம்.